சொல்லக் கூடாத வீடு

திருகோணமலையில் வீடு வாங்குகிறவர்கள் உறுதிப் பத்திரம் எழுதி முடியும் வரை வாயைத் திறப்பதில்லை. விற்கிறவர்களும் அப்படித்தான். கல்யாணப் பேச்சைக்கூட நாலு பேருக்குச் சொல்வார்கள், வீட்டுப் பேச்சைச் சொல்லமாட்டார்கள். கண்ணூறு பட்டுவிடும், நாவூறு பட்டுவிடும், பேச்சுக் குழம்பிவிடும் என்ற பயம். கோயிலுக்குப் போகிறவர்களுக்கும் பள்ளிவாசலுக்குப் போகிறவர்களுக்கும் இந்த விஷயத்தில் ஒரே நம்பிக்கை. விலை பேசி முற்பணமும் கொடுத்த பிறகு பக்கத்து வீட்டார் வந்து, "என்ன, வீடு பாக்கிறியளாம்?" என்று கேட்டால், "சும்மா போய்ப் பாத்தனாங்கள்" என்பதுதான் வழக்கமான பதில்.

கோணேஸ்வரியும் பல மாதங்கள் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவருக்கு ஐம்பது தாண்டிவிட்டது. பிறந்தது ஈச்சிலம்பற்றில். ஓர்ஸ் ஹில் சரிவுக்குக் கீழே ஓர் ஒழுங்கையில் வாடகைக்கு இருந்து இடியப்பம் அவித்து விற்றார். கந்தோர்களில் வேலை செய்கிறவர்கள், துறைமுகப் பக்கம் போகிறவர்கள், தனியாக அறை எடுத்து இருக்கிறவர்கள் எல்லாரும் காலையில் அவருடைய வாசல் படலையடியில் நிற்பார்கள். கணவர் தங்கத்துரை நிலாவெளியில் ஒரு ஹோட்டலில் காவலாளி, அதிகம் பேசாதவர். ஒரே மகன் கல்யாணம் முடித்து, இந்தப் பக்கத்து வழக்கப்படி, மனைவியின் வீட்டோடு போய்விட்டான்.

கோணேஸ்வரியை நல்ல மனுசி என்று சொல்லித் தொடங்குவது எனக்குச் சுலபமில்லை. அவருக்குப் பொறுமை குறைவு. இடியப்பம் ஆறிவிட்டது என்று யாராவது ஒருநாள் சொன்னால் மறுநாள் அவருக்கு இடியப்பம் இல்லை. தான் சொன்னது பிழை என்று தெரிந்த பிறகும் அதை அதே குரலில் இன்னொரு தடவை சொல்வார். ஆனால் வீட்டு விஷயத்தில் அவருக்கு ஒரு நியாயம் இருந்தது. ஈச்சிலம்பற்று வீட்டைச் சண்டை கொண்டுபோனது. அதன் பிறகு இருந்ததெல்லாம் வாடகை வீடுகள். கிழக்கில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கல்யாணம் பேசுவார்கள் என்பதால், வாடகைக்கு இருக்கிறவரின் காலம் வீட்டுக்காரரின் மகள் வளரும் வேகத்தில்தான் இருக்கிறது. பெண் வயதுக்கு வந்ததும் இவர் அடுப்பைத் தூக்கவேண்டும். எத்தனையோ வீட்டுக்காரப் பிள்ளைகளின் கல்யாணத்துக்கு இடியப்பம் அவித்துக் கொடுத்துவிட்டு, அதே கிழமையில் அந்த வீட்டை விட்டு எழும்பியவர் அவர். அவருக்கு வேண்டியதெல்லாம் எழும்பு என்று எவரும் சொல்ல ஏலாத ஓர் அடுப்பு.

அது ஸுஹைரின் வீட்டில் கிடைக்கும் போல் இருந்தது. துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை செய்து ஓய்வு பெற்றவர் ஸுஹைர். வீடு சரிவின் மேல்பக்கம். ஓட்டுக்கூரை, இரண்டு அறை, ஒரு விறாந்தை. பின்னால் வீட்டுக்குப் பொருந்தாத அளவுக்குப் பெரிய குசினி. குசினி யன்னலால் உள்துறைமுகத்தின் தண்ணீர் தெரியும். கோணேஸ்வரி தண்ணீரைப் பார்க்கவில்லை, புகைபோக்கியைத்தான் பார்த்தார். பேசியது ஸுஹைர் என்றாலும் வீடு அவருடைய மனைவி நஜ்முன் நிஸாவின் பேரில். மூதூரில் தனக்குச் சீதனமாய்க் கிடைத்த வளவுக் காணியை விற்று அவர் வாங்கியது. ஆகவே விறாந்தையில் ஸுஹைர் நெடுநேரம் கதைத்து முடித்த பிறகு, தேத்தண்ணி கொண்டுவந்த நஜ்முன் நிஸா, "சரி, எடுங்க தங்கச்சி" என்று சொன்னபோதுதான் பேச்சு முடிந்தது. கோணேஸ்வரி அண்ணன், அக்கா முறையில் ஸுஹைரை நானா என்றும் அவரை ராத்தா என்றும் அழைத்ததும் அன்றைக்குத்தான்.

ஒரு மாதத்தில் உறுதி முடிந்துவிடும் என்று நம்பி, கோணேஸ்வரி தன் வீட்டுக்காரர் இராகுலனிடம் போய் நான் எழும்பப் போகிறேன் என்று சொல்லிவைத்தார். ஏன், எங்கே என்று சொல்லவில்லை. இராகுலன் பாடசாலை ஆசிரியர், மரியாதையானவர். அவரும் கேட்கவில்லை.

பிறகு தாமதம் தொடங்கியது. முதலில் நில அளவைப் படம் வரவில்லை என்றார் ஸுஹைர். படம் வந்ததும் நகரசபைக் கடிதம் வரவில்லை. கடிதம் வந்ததும் நோன்பு வந்தது. நோன்பு முடிந்து பெருநாள், பெருநாள் முடிந்து யாரோ ஒரு சொந்தக்காரரின் சுகவீனம். ஒவ்வொரு தடவையும், "அடுத்த கிழமை தங்கச்சி, இன்ஷா அல்லாஹ்" என்று சிரித்த முகத்தோடு சொல்லிவிட்டு ஸுஹைர் உள்ளே போவார். இதற்கிடையில் இராகுலன் ஒழுங்கையில் காணும்போதெல்லாம், "அக்கா, எழும்புற நாள் ஏதும் தெரியுமோ?" என்று கேட்கத் தொடங்கினார். அவரும் வேறு யாருக்கோ வாக்குக் கொடுத்திருக்கிறார் என்பது அந்தக் கேள்வியிலேயே தெரிந்தது. யாருக்கு என்று கோணேஸ்வரி கேட்கவில்லை. கேட்டால் தன் கதையையும் சொல்லவேண்டி வரும்.

கடைசியில் கோணேஸ்வரி உறுதி எழுதுகிற நொத்தாரிசு யதுர்சனின் கந்தோருக்கு நேரே போனார். எந்தக் கடிதம் இன்னும் வராமல் இருக்கிறது, எங்கே போய் நிற்கவேண்டும் என்று சொல்லுங்கோ, போய் நிற்கிறேன் என்றார். யதுர்சன் கோப்பைத் திறந்து பார்த்தார். ஒன்றும் வராமல் இல்லை. எல்லாம் வந்து எத்தனையோ நாளாகிவிட்டது. நாள் குறிப்பதுதான் மிச்சம், அதை அவர்கள்தான் சொல்லவேண்டும் என்றார்.

அன்று பின்னேரமே கோணேஸ்வரி சரிவேறிப் போனார். ஸுஹைர் விறாந்தையில் இருந்தார். இன்னும் ஒரு கடிதம் மிச்சம் என்று தொடங்கினார்.

"எல்லாம் வந்திட்டுது நானா. நான் பாத்திட்டுத்தான் வாறன்" என்றார் கோணேஸ்வரி.

ஸுஹைர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். நஜ்முன் நிஸா கதவு நிலையில் சாய்ந்து நின்றார். கொஞ்சம் பொறுங்க தங்கச்சி என்றார். பொய் சொல்கிற முகமாக அது இல்லை. எதையோ சொல்லாமல் வைத்திருக்கிற முகம். அந்த இரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசம் கோணேஸ்வரிக்கு அன்றைக்கு விளங்கவில்லை. ஏமாற்றுகிறார்கள் என்றே நினைத்தார்.

வீட்டில் தங்கத்துரைக்குக் காரணம் உடனே தெரிந்துவிட்டது. யாருக்கோ வாய் தவறிச் சொல்லியிருக்கிறாய், நாவூறுதான் என்றார். குசினியிலிருந்து உப்பும் செத்தல் மிளகாயும் எடுத்துவந்து மனைவியைச் சுற்றிப் போடப் பார்த்தார். கோணேஸ்வரி மிளகாயைப் பறித்து மறுபடி போத்தலுக்குள் போட்டார், சம்பலுக்கு வேணும் என்று. பிறகு கதிரையில் இருந்து யோசித்தார். அவர் ஒருவருக்கும் சொல்லவில்லை. மகனுக்குக்கூடச் சொல்லவில்லை.

"சொல்லாமல் இருந்தும் நடக்கேல்லைத்தானே" என்றார். "இனிச் சொல்லிப் பாப்பம்."

அவருடைய வாழ்க்கையில் நான் உண்மையாகவே மதிக்கிற வசனம் இதுதான். ஒரு நம்பிக்கையை மறுப்பதற்கு அதன் விதியை மீறத் தேவையில்லை. சரியாகக் கடைப்பிடித்துவிட்டு, பலன் வராததை எடுத்துக் காட்டினாலே போதும். அவர் இதை இப்படி யோசித்திருக்கமாட்டார். கோபத்தில் சொன்னார். ஆனாலும் சொன்னார்.

மறுநாள் அவர் கிண்ணியா பஸ்ஸில் ஏறினார். சிவப்பரிசி மா அரைக்கக் கிண்ணியாவில் அவருக்கு ஒரு மில் வாடிக்கை. பஸ் நிறையச் சனம். பாலம் வருவதற்கு முன்னமே, பக்கத்திலிருந்த பெண் சும்மா சுகம் விசாரித்ததற்குப் பதிலாக, பின் கதிரைக்கும் கேட்கும்படி சொன்னார்: "நான் ஓர்ஸ் ஹில்லில வீடு வாங்கிறன். ஸுஹைர் நானாட வீடு. இன்னும் உறுதி முடியேல்ல."

பஸ்ஸில் ஒருவகை அமைதி வந்தது. செத்தவீட்டில் யாரோ சிரித்தது போல. பக்கத்துப் பெண் அவருடைய கையைப் பிடித்து, இப்படி வாயை வெச்சிட்டீங்களே என்று உண்மையான கவலையோடு சொன்னார். முன்னால் நின்ற அஷ்ரப் என்ற கிண்ணியாக் கடைக்காரர் மட்டும் திரும்பிப் பார்த்தார்.

"ஸுஹைர் நானாவா? அவர் நம்மட லாபிர்ட வீட்டயெல்லோ..."

அவ்வளவில் அவருக்குச் சுரணை வந்து வாயை மூடிக்கொண்டார். அது லாபிரின் இரகசியம், ஸுஹைரின் இரகசியம், அவர் சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் கோணேஸ்வரிக்கு அந்த அரை வசனம் போதும். மாவை மில்லில் இறக்கிவிட்டு லாபிரின் வீடு எது என்று விசாரித்துக்கொண்டு நடந்தார்.

லாபிர் படகு இயந்திரம் திருத்துகிறவர். பட்டறை டவுனில், உள்துறைமுகக் கரையில். நாளாந்தம் பாலம் தாண்டிப் போய்வருகிறவர். அன்று வெள்ளிக்கிழமை என்பதால் வீட்டில் இருந்தார். கூடத்தில் சாமான்கள் பாதி கட்டியும் பாதி அவிழ்த்தும் கிடந்தன. கட்டிய பெட்டிகளிலிருந்து தேவைக்குத் தேவை எடுத்துப் புழங்குகிற வீடு அது என்பது பார்த்த உடனே விளங்கியது. கோணேஸ்வரி தன் பேரைச் சொல்லவில்லை. ஸுஹைர் நானாவுக்குத் தெரிந்த ஆள் என்றார், உங்களாலே அவர் அலுவல் நிற்குது என்றார். லாபிர் கதிரையை இழுத்துப் போட்டார். அவருக்கும் யாரிடமாவது சொல்லிவிடவேண்டும் போல் இருந்திருக்கும்.

தனக்கு ஒரு தாமதமும் இல்லை என்றார். மகள் அப்ராவுக்கு டவுனில் பள்ளிக்கூடம் கிடைத்துவிட்டது. பட்டறைக்குக் கிட்டவே ஒரு வாடகை வீடும் பேசியாயிற்று. அது காலியானால் அன்றைக்கே இந்த வீட்டை ஸுஹைருக்குக் கொடுத்துவிடுவார். ஆனால் அது காலியாகவில்லை.

"அதில ஆரோ ஒரு இடியப்பக்காரி இரிக்காவாம் அக்கா. பெரிய வாய்க்காரியாம். எழும்புறன் எழும்புறன் எண்டு சொல்லிப்போட்டு, அசையிறாவே இல்லயாம்."

கோணேஸ்வரி அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "வீட்டுக்காரர் இராகுலன் மாஸ்டரோ?"

"ஓம். உங்களுக்குத் தெரியுமா?"

"அந்த வாய்க்காரி நான்தான் தம்பி."

லாபிரின் மனைவி உள்ளே சிரித்துவிட்டதாகவும், சிரித்ததை மறைக்கத் தேத்தண்ணி கொண்டுவந்ததாகவும் கோணேஸ்வரி பிறகு சொல்வார்.

இதுதான் நடந்தது. ஸுஹைர் வீட்டைக் கொடுத்தால் கோணேஸ்வரி எழும்புவார். கோணேஸ்வரி எழும்பினால் லாபிர் வருவார். லாபிர் வந்தால் ஸுஹைர் தான் வாங்கப் பேசிய லாபிரின் கிண்ணியா வீட்டுக்குப் போவார், போனால்தான் வீட்டைக் கொடுப்பார். மூன்று குடும்பமும் மாதக்கணக்காக ஒன்றையொன்று பார்த்துக் காத்திருந்தது, யாரைப் பார்த்துக் காத்திருக்கிறோம் என்று தெரியாமலே. ஒருவரும் ஏமாற்றவில்லை. கண்ணூறுக்குப் பயந்து எல்லாரும் வாயை மூடியிருந்தார்கள். உண்மைக் காரணத்தைச் சொல்லக் கூடாது என்பதால், கடிதம் வரவில்லை என்று சொன்னார்கள்.

தெரிந்தால் தீர்ந்துவிடும் என்று கோணேஸ்வரி நினைத்தார். அடுத்த நாள் எல்லாரையும் ஸுஹைரின் விறாந்தைக்கு வரவழைத்தார். இராகுலனும் வந்தார். நன்றாகச் சிரித்தார்கள். ஸுஹைர் கதையைத் தன் பங்குக்கு இன்னொரு தடவை முதலிலிருந்து சொன்னார். சிரித்து முடிந்த பிறகு, சரி, யார் முதலில் எழும்புவது என்ற கேள்வி வந்தது. லாபிருக்குப் பிள்ளைகள், அவர்களைக் கொண்டு தெருவில் இறங்க ஏலாது. உறுதி முடியும் வரை இப்போது இருக்கிற இடத்தை விடவேண்டாம் என்று யதுர்சன் கோணேஸ்வரிக்கு ஏற்கெனவே சொல்லியிருந்தார். ஸுஹைர் வழக்கம்போல் மனைவியைப் பார்த்தார்.

நஜ்முன் நிஸா அன்றைக்குத்தான் தன் காரணத்தைச் சொல்ல வாயைத் திறந்தார். மூதூரிலிருந்து அவர் ஒருமுறை உடுத்த உடுப்போடு வெளிக்கிட்டவர். அடுத்த இரவு எங்கே என்று தெரியாமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்தவர்.

"மத்த வீட்டுத் திறப்பு கையில இல்லாம நான் ஒரு வீட்ட விட்டு எறங்க மாட்டேன்" என்றார். "ஆரு கேட்டாலும்."

கோணேஸ்வரி அதற்கு மறுத்துப் பேசவில்லை. அதே காலத்தில் ஈச்சிலம்பற்றிலிருந்து அவரும் நடந்தவர். ஒரே வழியால் நடந்த இரண்டு பேர் அதிலிருந்து எதிரும் புதிருமான இரண்டு பாடங்களைக் கொண்டுவந்திருந்தார்கள். திறப்புச் சாவி கையில் இல்லாமல் இறங்கக் கூடாது என்று ஒருவர். இறங்கினால் செத்துவிடமாட்டோம் என்று மற்றவர். எது சரி என்று சொல்ல எனக்குத் தெரியாது. ஆனால் இரண்டாவது பாடத்தைக் கற்ற ஒருவர் அந்த விறாந்தையில் இருந்ததால்தான் அந்த முடிச்சு அவிழ்ந்தது.

அடுத்த நாள் காலை வியாபாரம் முடிந்ததும் கோணேஸ்வரி ஒரு லாண்ட்மாஸ்டர் உழவு வண்டியைப் பிடித்தார். அலுமாரி, கட்டில், இடியப்ப உரல்கள், தட்டுகள், பெரிய பானை எல்லாம் ஏறின. திறப்பை இராகுலனின் கையில் வைத்து, லாபிருக்கு இந்த நிமிஷமே சொல்லுங்கோ என்றார். எங்கே போகிறீர்கள் அக்கா என்று இராகுலன் கேட்டார். "என்ர வீட்டடிக்கு" என்றார். யதுர்சனுக்கு யாரோ சொல்லி, அவர் தொலைபேசியில் எடுத்து, இப்படிச் செய்யவேண்டாம், இப்ப உங்களுக்குச் சட்டப்படி ஓர் இடமும் இல்லை என்றார். அது உண்மை. அந்த நேரத்தில் அவர் எந்த வீட்டுக்கும் வாடகைக்காரியும் இல்லை, சொந்தக்காரியும் இல்லை. இருந்ததெல்லாம் விறாந்தையில் சொல்லப்பட்ட ஒரு "சரி". அதன் மேல்தான் லாண்ட்மாஸ்டரை ஏற்றினார்.

ஸுஹைரின் மதிலோரம், வேப்பமரத்துக்குக் கீழே, சாமான்களை இறக்கி மேலே ஒரு தறப்பாளைக் கட்டினார். கோட்டைப் பக்கத்திலிருந்து அலைந்து வரும் மான்களில் ஒன்று வந்து மாச்சாக்கை முகர்ந்து பார்த்துவிட்டுப் போனது. வேலை முடிந்து வந்த தங்கத்துரை கொஞ்ச நேரம் தூரத்தில் நின்றார். அவருக்கு வெட்கம். பிறகு காவலாளி உடுப்போடேயே வந்து அலுமாரிக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்தார். அவர் அறிந்த வேலை அதுதான்.

மறுநாள் காலை படலைக்கு வெளியே அடுப்பு எரிந்தது. வாடிக்கைக்காரர்கள் ஒழுங்கைக்குப் போய், ஆளைக் காணாமல், விசாரித்துக்கொண்டு சரிவேறி வந்தார்கள். இதென்ன இங்கே என்று கேட்ட ஒவ்வொருவருக்கும் கோணேஸ்வரி ஒளிக்காமல் சொன்னார். வீடு வாங்குகிறேன், இந்த வீடுதான், பேசி முடிந்துவிட்டது, திறப்புக்காக நிற்கிறேன். சொல்லக் கூடாத கதை இடியப்பப் பார்சலோடு கந்தோர் கந்தோராகப் போனது.

ஸுஹைர் சாரத்தைத் தூக்கிக் கட்டிக்கொண்டு வெளியே வந்தார்.

"தங்கச்சி, ஊர் சிரிக்குதே."

"சிரிக்கட்டும் நானா. சிரிச்சுப்போட்டு இடியப்பம் வாங்கிக்கொண்டுதானே போகினம். உங்களுக்கு எத்தனை?"

ஸுஹைர் தட்டுகளை எட்டிப் பார்த்தார். பிறகு தனக்கும் மனைவிக்கும் சேர்த்து வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

அடுத்த நாள் துறைமுகப் பக்கமிருந்து காற்று எழும்பியது. தறப்பாள் அடித்தது. நெருப்பு ஒருபக்கம் சாய்ந்து, பானை கொதிக்க மறுத்தது. கோணேஸ்வரி அலுமாரிக் கதவை அடுப்புக்கு மறைப்பாகத் திறந்து பிடிக்கத் தங்கத்துரையை நிறுத்திவிட்டு, வேகாத தட்டுகளை மறுபடி மறுபடி உள்ளே வைத்தார். நஜ்முன் நிஸா யன்னலால் இதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மனம் இரங்கினாரா, அல்லது சமைக்கத் தெரிந்த எவருக்கும் அந்தக் காட்சி பொறுக்காதா என்று நான் கேட்டதில்லை. அவர் வந்து படலையைத் திறந்தார்.

"உள்ள வாங்க. மாவு காயுது."

கோணேஸ்வரி நிமிர்ந்து பார்த்தார்.

"திறப்புத் தரமாட்டேன்" என்றார் நஜ்முன் நிஸா. "குசினி தாறேன்."

அதன் பிறகு அந்த வீட்டில் முன்பக்கம் விற்கிறவர்களும் பின்பக்கம் வாங்குகிறவர்களும் இருந்தார்கள். சுலபமாக இருந்ததென்று சொல்லமாட்டேன். உப்பு வைக்கிற இடம் பற்றி ஒருநாள், புகை பற்றி ஒருநாள் என்று இரண்டு பெண்களும் முறைத்துக்கொண்டார்கள். நஜ்முன் நிஸா கடைசி வரை முன்கதவைத் தானே பூட்டித் திறந்தார். ஆனால் இராகுலனின் வீடு கோணேஸ்வரி வெளிக்கிட்ட அன்றைக்கே காலியாகியிருந்தது. லாபிர் பெட்டிகளோடு டவுனுக்கு வந்தார். வந்த கையோடு கிண்ணியா வீட்டின் திறப்பைக் கொண்டுவந்து நஜ்முன் நிஸாவிடம் நீட்டினார். அவர் அதை வாங்கி, முன்னும் பின்னும் பார்த்து, முந்தானையில் முடிந்துகொண்டார்.

"இப்ப நாள் குறிங்க" என்றார்.

இரண்டு உறுதிகளும் ஒரே நாளில், யதுர்சனின் கந்தோரில். முதலில் லாபிர் நஜ்முன் நிஸாவுக்கு எழுதிக் கொடுத்தார். பிறகு நஜ்முன் நிஸாவின் முறை. யதுர்சன் உறுதியை ஆறுதலாக வாசித்தார். வாங்குகிறவரின் பேர் வந்தது, விலாசம் வந்தது. அது கீழ் ஒழுங்கையின் விலாசம்.

"அது பிழை" என்றார் கோணேஸ்வரி. "அங்க இப்ப லாபிர்ட அடுப்பு எரியுது."

யதுர்சன் சிரித்தார். அது சும்மா ஒரு விலாசம்தான், பாதகமில்லை என்றார். பாதகமில்லாத விலாசங்களில்தான் தான் இவ்வளவு காலமும் இருந்ததாகக் கோணேஸ்வரி சொன்னார். இப்ப எங்கே இருக்கிறேனோ அதை எழுதுங்கோ என்றார். வாங்கப்போகிற வீட்டையே வாங்குகிறவரின் இருப்பிடமாக எப்படி எழுதுவது, கையெழுத்து வைக்கும் வரை அது உங்கள் வீடு இல்லையே என்று யதுர்சன் பொறுமையாக விளக்கினார்.

நஜ்முன் நிஸா பேனையைக் கையில் வைத்திருந்தார். அதை மேசையில் வைத்தார்.

"அவ அங்கதான் இரிக்கா" என்றார். "எனக்குத் தெரியும், என்ட குசினியிலதான் இரிக்கா. மாத்தி எழுதுங்க. அதுக்குப் பிறகு நான் வெக்கிறேன்."

யதுர்சன் பெருமூச்சு விட்டு, பக்கத்தைத் திருத்தித் திரும்ப அச்செடுக்கச் சொன்னார். அதற்குக் கொஞ்ச நேரம் எடுக்கும், வெளியே இருங்கோ என்றார்கள். அத்தனை மாதத் தாமதத்தில் கோணேஸ்வரி தெரிந்தே உண்டாக்கியது அந்த ஒன்றுதான். அதைக் கதிரையில் நன்றாகச் சாய்ந்திருந்து கழித்தார்.

வெளியே காத்திருந்தவர்களில் ஒருவர் தங்கத்துரையிடம், என்ன அலுவலாய் வந்தனீங்கள் என்று விசாரித்தார்.

"சும்மா வந்தனாங்கள்" என்றார் தங்கத்துரை.

"வீடு வாங்க வந்தனாங்கள்" என்றார் கோணேஸ்வரி, தெருவில் போகிறவர்களுக்கும் கேட்கும்படி.